எதிர்ப்பக்கம் வழிந்த நீலம்

கண்டக்டருக்கு ஆடாத தரையில் நிற்க வராது. பல வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வக்கீலம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் அவருடைய கால்கள் மட்டும் ஓய்வு பெற மறுத்தன. ஓவியரின் மாடி அறையில் சன்னலுக்கும் கதவுக்குமாக அவர் நடந்த நடையில் ஓவியருக்கே தலை சுற்றிவிட்டது.

“உங்க ஆளைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்களேன்.”

“உக்காந்தா அவருக்கு மூளை நின்னுடும் சார்,” என்றாள் வக்கீலம்மா, மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாராட்டுன்னே எடுத்துக்கறேன்,” என்று கண்டக்டர் மறுபடி சன்னல் பக்கம் திரும்பினார்.

வக்கீலம்மா என்பது ஒட்டிக்கொண்ட பெயர். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடவில்லை. வழக்காடாத வக்கீலும் டிக்கெட் கிழிக்காத கண்டக்டரும் சேர்ந்து நடத்துகிற கம்பெனி இது என்று கண்டக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைப்பார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

இன்று காலை வந்தவர் எழுந்து போகவில்லை. ஓவியரின் தம்பி அவர். அண்ணன் வரைவார், தம்பி விற்பார். மாலையில் அண்ணனின் கண்காட்சி திறப்பு. நடுச்சுவரில் மாட்டவேண்டிய பெரிய படம் நேற்றிலிருந்து காணவில்லை. போலீசுக்குப் போனால் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் கண்டுபிடித்துத் தரவேண்டும், அதுவும் மாலைக்குள். இப்படிச் சொல்லித்தான் இரண்டு பேரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

ஓவியரின் படங்களில் மரம் கிடையாது, மாடு கிடையாது, மனிதர் கிடையாது. சதுரம், செவ்வகம், முக்கோணம், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தண்ணீரில் கரைத்த ஒரு நிறம். வரவேற்பறையில் முதல் படத்தைப் பார்த்ததும், “வீட்டு பிளானுக்குக் கலர் அடிச்ச மாதிரி இருக்கே,” என்று கேட்டுத் தம்பிக்காரரிடம் ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார் கண்டக்டர். ஆனால் மாடிக்கு வந்து நாலைந்து படங்களைத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்குச் சங்கதி வேறு மாதிரிப் பட்டது. நீலத்தில் கண்ணை வைத்தால் அது மஞ்சளுக்குத் தள்ளியது. மஞ்சள், செங்கல் சிவப்புக்குத் தள்ளியது. எங்கேயும் உட்கார விடவில்லை. தன் கால்களுக்கு ஏற்ற படங்கள் என்று அவருக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அறையை இரண்டாகப் பிளந்துகொண்டு கிடந்தது அந்த மேஜை. ஒரு முனை சுவரோடு முட்டியிருந்தது. மறு முனையை ஒரு கனத்த இரும்பு பீரோ அடைத்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கத்துக்கு ஒரு கதவு, அந்தப் பக்கத்துக்கு வேறொரு கதவு. மேஜையின் மேல் செவ்வக வடிவத்தில் பழுப்பு நிறப் பசை நாடா ஒட்டியிருக்க, அதற்குள்ளே வெறும் பலகை தெரிந்தது.

“தாளை மேஜையிலயே ஒட்டிருவீங்களா?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

“நனைச்சு, நாலு பக்கமும் நாடா போட்டு ஒட்டிடணும். இல்லன்னா ஈரம் பட்டதும் தாள் அலை அலையா எழும்பிடும். படம் முடிஞ்சு காஞ்ச பிறகுதான் கத்தியால அறுத்து எடுப்போம்.”

“திருடனும் அப்படித்தான் எடுத்திருக்கான். நாலு பக்கமும் நூல் பிடிச்ச மாதிரி. நல்ல பொறுமைசாலி.” அவள் மேஜையின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே நிறத் துளிகள் தெறித்துக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரம் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. “இந்தப் பக்கம் உங்க நிறத்தட்டு இருக்கு. அந்தப் பக்கம் இருந்த தட்டை எடுத்துட்டுப் போயிருக்கான். தூரிகை ஜாடியையும் காணோம்.”

“படத்துல எங்கயாவது கலர் போயிட்டா ரிப்பேர் பண்ணித் தருவான் போல,” என்றார் கண்டக்டர். “சர்வீசோட திருடறவன்.”

ஓவியர் சிரிக்கவில்லை. பருத்த உடம்பு, நரைத்த தாடி, கழுத்தில் வியர்வை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா சுவரிலிருந்த ஒரு பழைய படத்தைக் கேட்காமலே கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முன்பக்கத்தைப் பார்த்த நேரத்தைவிடப் பின்பக்கத்தைப் பார்த்த நேரம் அதிகம். பின்னட்டையில் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருந்தது.

“ஃப்ரேம் எல்லாம் எங்க போடறீங்க சார்?”

“எங்கயோ... அதெல்லாம் வீட்ல பாத்துக்குவாங்க.”

“சரி. ஒரு சின்ன விஷயம் பாருங்க.” அவள் ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். ஓவியரின் தூரிகையைத் தண்ணீரில் முக்கி, நீலத்தைத் தொட்டு, மேலே ஒரு கோடு போட்டு, அப்படியே தன் வயிற்றுப் பக்கமாக இழுத்து ஒரு சதுரம் நிரப்பினாள். நின்ற இடத்தில், சதுரத்தின் கீழ்விளிம்பில், மிச்சத் தண்ணீர் ஒரு வரியாகத் தேங்கியது. “இது காயும்போது இந்த விளிம்பு மட்டும் அழுத்தமா இருக்கும், இல்லையா? எல்லாரும் தூரிகையைத் தன்னைப் பாத்துத்தான் இழுப்பாங்க. வெளிப்பக்கம் தள்ளிக்கிட்டே போக மாட்டாங்க. அப்ப அழுத்தமான விளிம்பு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஆள் உக்காந்திருக்கார்.”

கண்டக்டர் நடையை நிறுத்தினார். அது அபூர்வம். சட்டமிட்ட படத்தைக் குனிந்து பார்த்தார். கீழ்ப்பாதியில் சிவப்புக் கட்டங்களின் கரை கீழே அழுத்தமாக இருந்தது. மேல்பாதியில் இருந்த நீலத்துக்கோ கரை மேலே இருந்தது. எதிர்ப்பக்கம் வழிந்து நின்ற நீலம்.

“நான் சுத்தி வந்து வரைவேன்,” என்றார் ஓவியர்.

“வரையலாம். ஆனா இங்க நடுவுல பாருங்க. இந்த மஞ்சளும் இந்த நீலமும் தொடற இடத்துல மெல்லிசா ஒரு பச்சை ஓடுது. ரெண்டும் ஒரே நேரத்துல ஈரமா இருந்தாத்தான் இப்படிக் கலக்கும். மஞ்சள் இந்தப் பக்கம் இழுத்தது, நீலம் அந்தப் பக்கம் இழுத்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பீரோ. மஞ்சளை வெச்சுட்டு, இந்தக் கதவு வழியா வெளிய போய், வராந்தாவைச் சுத்தி, அந்தக் கதவு வழியா உள்ள வந்து உக்காந்து நீலத்தைத் தொடணும். அதுக்குள்ள மஞ்சள் காஞ்சிருக்குமே சார்.”

“ஐயா படம் வரையல வக்கீலம்மா. ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கார்,” என்றார் கண்டக்டர், ஓவியரின் தொந்தியை மரியாதையோடு பார்த்தபடி.

“எதிர் நாற்காலியில யார் சார் உக்காருவாங்க?”

“யாரும் இல்ல.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நான் உங்களைக் கூப்பிட்டது படத்தைத் தேட. படத்தை ஆராய்ச்சி பண்ண இல்ல.”

“உங்க வீட்டம்மாவை ஒரு வார்த்தை பாக்கலாமா?”

“அவ அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா.”

வக்கீலம்மா கண்டக்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கண்டக்டருக்கு அர்த்தம் தெரியும். “கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்,” என்று இறங்கினார்.

கீழே தம்பிக்காரர் போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். அவர் பேசி முடித்ததும் கண்டக்டர் வெள்ளந்தியாக ஆரம்பித்தார். “என்ன சார், வீட்ல பொம்பளை ஆளுங்க யாரையும் காணோம்? அண்ணி இல்லையா?”

“அண்ணிக்குக் காய்ச்சல். பின்னறையில படுத்திருக்காங்க. தொந்தரவு பண்ணாதீங்க.”

ஒரே ஆள் மேலே அக்கா வீட்டில் இருக்கிறார், கீழே காய்ச்சலில் இருக்கிறார். கண்டக்டர் குளியலறை தேடுகிற பாவனையில் பின்னறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. மருந்து வாசனை இல்லை. அலமாரியில் துணி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஹேங்கர்கள் தொங்கின. இத்தனை பெரிய வீட்டில் காணாமல் போன படத்தைப் பற்றி ஆளாளுக்குப் புலம்புகிறார்கள், காணாமல் போன மனுஷியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

*

வக்கீலம்மாவின் கார் வயசான கார். மேட்டில் இருமும், பள்ளத்தில் பாடும். அதில் ஏறியதும் கண்டக்டர் பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்.

“அந்தம்மா உசுரோட இருக்காங்களாம்மா? அதை மட்டும் சொல்லுங்க. மத்த கிண்டலெல்லாம் நான் அப்புறம் பண்றேன்.”

“கொலை பண்ணவன் நிறத்தட்டை எடுத்து ஒளிச்சு வைக்க மாட்டான். துணியை மடிச்சு எடுத்துட்டுப் போக மாட்டான். அவங்களாத்தான் போயிருக்காங்க. படத்தை அறுத்ததும் அவங்கதான்.”

“தான் வரைஞ்சதைத் தானே எடுத்துட்டுப் போனா அது திருட்டா?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன். அக்கா வீட்டுக்குப் போயிருந்தா இவங்களே போய்ப் பாத்திருப்பாங்க. இவங்களுக்குத் தெரியாத இடமா இருக்கணும். படத்தைத் தட்டையா விரிச்சு வெக்க ஒரு பெரிய மேஜை வேணும், தண்ணி வேணும்.”

“தெரியாத இடத்துக்கு நாம எப்படிம்மா போறது?”

அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே சொன்னாள். “படத்துக்குப் பின்னாடி ஒரு ஃப்ரேம் கடை லேபிள் இருந்துது. ஃப்ரேம் எங்கன்னு கேட்டதும் ஓவியர் முழிச்ச முழியைக் கவனிச்சீங்களா? இத்தனை வருஷத்துல அந்த வீட்ல ஒருத்தரும் ஒரு படத்தையும் திருப்பிப் பாத்ததில்ல. வரையறது ஒருத்தர், விக்கறது ஒருத்தர். தூக்கறது, கட்டறது, சட்டம் போடறது எல்லாம் ‘வீட்ல பாத்துக்குவாங்க’.”

கண்டக்டர் பழக்க தோஷத்தில் திரும்பிப் பின்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். லாரி, ஸ்கூல் வேன், ஒற்றைக் கண்ணாடி உடைந்த ஒரு வெள்ளை ஸ்கூட்டர். யாரும் கை காட்டி நிறுத்தவில்லை. திரும்பி உட்கார்ந்து, முட்டியை ஆட்டிக்கொண்டே வந்தார். அந்த அம்மாவின் முகம்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கார் மெதுவாகப் போவதாகவே பட்டது.

*

ஃப்ரேம் கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. மரத்தூள், பசை வாசனை, சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள். காதில் பென்சில் செருகிய ஃப்ரேம்காரர் சட்டக்கட்டையை ரம்பத்தால் சாய்வாக அறுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கட்டம் கட்டமா வரைவாரே, அவர் படமெல்லாம் இங்கதானே சட்டம் போடறது?” என்றாள் வக்கீலம்மா.

“ஆமா. அம்மாதான் கொண்டு வருவாங்க. ஐயா வந்ததே இல்ல.”

“கடைசியா எப்ப வந்தாங்க?”

“போன மாசம்.” ரம்பம் நிற்கவில்லை. “அதுக்கப்புறம் பாக்கவே இல்ல.”

கண்டக்டர் கால் மாற்றி நின்றார். அப்புறம் கண்ணாடிகளைப் பார்த்தார். அப்புறம், நிற்க முடியாமல், வேலை மேஜையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. கையை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் நீலமாக ஒரு பட்டை.

“ஏங்க,” என்றார், கையைத் தூக்கிக் காட்டி. “போன மாசம் வெச்ச கலர் இன்னும் காயலையா? எந்தக் கடையில வாங்கறீங்க? என் பொண்டாட்டி துவைக்கும்போது கேப்பா.”

ரம்பம் நின்றது. அட்டைத் துண்டில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த தடங்கள் பளபளவென்று ஈரமாக இருந்தன. மேலே, மரத்தளத்துக்கு அந்தப் பக்கம், யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

ஃப்ரேம்காரர் ரம்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். “உங்களை யார் அனுப்பினாங்க?”

“அனுப்பினவர் இருக்கட்டும்,” என்றாள் வக்கீலம்மா. “அவங்க நல்லா இருக்காங்களான்னு கண்ணால பாத்தா போதும். கூட்டிட்டுப் போக வரல. அவங்க வேணாம்னு சொன்னா இப்படியே திரும்பிடறோம்.”

அவர் பதில் சொல்வதற்குள் படியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. “விடுங்கண்ணே. வரட்டும்.”

*

மேல் அறையில் ஒரே ஒரு மேஜை. அதன்மேல் காணாமல் போன படம், நாலு பக்கமும் புது நாடா போட்டு ஒட்டப்பட்டு, முழு நீளத்துக்குக் கிடந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனை நீலங்கள்! ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் அவசரமாக. நடுவில் ஒரு மஞ்சள் முக்கோணம், இப்போதே எழுந்து எங்கேயோ கிளம்பப்போவதுபோல. அத்தனை கட்டங்களும் ஒன்றையொன்று நகர்த்திக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு நரைத்த தலை, சுருட்டிவிட்ட சட்டைக்கை, நகக்கண்களில் நீலம். உயிரோடு, முழுசாக, கொஞ்சம் களைப்பாக. கண்டக்டருக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

“நீங்கதான் அந்த எதிர் நாற்காலியா அம்மா?”

அவர் சிரித்தார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கரையை வெச்சு,” என்றாள் வக்கீலம்மா. “உங்க தண்ணி உங்க பக்கம் நின்னிருக்கு.”

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். இதை ஒருவர் கவனித்தார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்ததுபோல் கண் கலங்கிப் போயிற்று. பிறகு கேட்காமலே பேசினார்.

“போன வாரம் பத்திரிகைக்காரங்க வந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் மேஜையில இருந்தோம். என் கையில தூரிகை இருக்கு. ‘உங்க மனைவி உதவி பண்ணுவாங்களா’ன்னு கேட்டாங்க. ‘தண்ணிக் கிண்ணம் கழுவித் தருவா’ன்னு சொன்னார். என்னைப் பாத்துக்கிட்டே சொன்னார்மா. அவங்க எழுதிக்கிட்டாங்க.” “நேத்து போன் பண்ணினேன். ‘படத்துக்குக் கீழ மாட்டற அட்டையில ரெண்டு பேர் பேரும் போடுங்க, திறப்புக்கு முன்னாடி நானே படத்தைக் கொண்டு வந்து தரேன்’னு சொன்னேன். வெச்சுட்டார்.”

வக்கீலம்மாவின் முகம் மாறியது. “நேத்தே போன் பண்ணிச் சொன்னீங்களா? அப்ப படம் யார்கிட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எங்க இருக்கீங்கன்னுதான் தெரியாது.” அவள் மெதுவாகக் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். “திருட்டே இல்ல. நம்மளை விட்டு இவங்களைத் தேட வெச்சிருக்காங்க.”

கண்டக்டருக்குச் சட்டென்று அந்த வெள்ளை ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. ஓவியர் வீட்டு வாசலிலும் ஒற்றைக் கண்ணாடி உடைந்த ஒன்று நின்றிருந்தது. நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். “பின்னாடி பாக்கறதே பொழப்பா இருந்தவன் நான். பாத்தேன். பாத்துட்டுப் பேசாம உக்காந்துட்டேன்!”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஃப்ரேம்காரர் ஏதோ தடுத்துச் சொன்னார். தம்பிக்காரர் அவரை ஒதுக்கிவிட்டு மேலே வந்தார், கையில் ஹெல்மெட்டோடு.

“ரொம்ப நன்றி மேடம். உங்க வேலை முடிஞ்சுது,” என்றார் வக்கீலம்மாவிடம். பிறகு குரலில் ஒரு குழைவு வந்தது. “அண்ணி, வாங்க, வீட்டுக்குப் போலாம். அண்ணன் சாப்பிடக்கூட இல்ல.”

“அட்டை அடிச்சாச்சா?”

“என்ன அண்ணி, விவரம் புரியாமப் பேசறீங்க? இப்ப போய் உங்க பேரைப் போட்டா ஊரே சிரிக்கும். இத்தனை வருஷம் அண்ணன் பேரைச் சொல்லி வித்திருக்கேன். வாங்கினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அது உங்க கவலை தம்பி.”

“கீழ கையெழுத்து அண்ணனோடது. நீங்க வரைஞ்சீங்கன்னு யார் நம்புவாங்க?”

“நான் நம்பறேன்,” என்றாள் வக்கீலம்மா. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். இப்போது நன்றாகவே தணிந்திருந்தது. “இதோ இந்தக் கரைகள் நம்ப வைக்கும். ஒவ்வொரு கட்டமும் எந்தப் பக்கத்துல உக்காந்து வரைஞ்சதுன்னு இதுலயே இருக்கு. அம்மா, நீங்க சம்மதிச்சா நான் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கறேன். கூலி வேணாம்.”

தம்பிக்காரர் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார். நாடாவை அறுக்கிற கத்தி மேஜை ஓரத்தில் கிடந்தது. அதைப் பார்த்தார், எடுக்கப்போனார். கண்டக்டர் முந்திக்கொண்டு கத்தியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “சில்லறை இல்லன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்குங்க சார்.”

அந்த அம்மா யாரையும் கவனிக்கவில்லை. மேஜைக்கடியில் இருந்த வாளியில் ஒரு பெரிய ஸ்பஞ்சை முக்கி எடுத்தார். அது தரையில் சொட்டிக்கொண்டே வந்தது.

வக்கீலம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “அம்மா! வேணாம்! அது கரைஞ்சிடும். அதுதான் உங்க சாட்சி!”

“கேஸ் போட்டு, இழுத்து, நான் வரைஞ்சேன்னு ஒரு ஜட்ஜு சொல்லணுமா எனக்கு?” அவர் குரலில் பதற்றமே இல்லை. “கழுவறவள்னு சொன்னார் இல்ல? கழுவித் தரேன். என் பக்கத்தை மட்டும்.”

முதல் நீலத்தில் ஸ்பஞ்சு பட்டதும் அது விழித்துக்கொண்டது. காய்ந்து கிடந்த நிறம் கரைந்து, கலங்கி, அவர் விரலிடுக்கில் வழிந்தது. ஒரு துணியால் ஒற்றி எடுத்தார். நீலம் இருந்த இடத்தில் தாள் இருந்தது. அடுத்த கட்டம். அதற்கடுத்தது. தம்பிக்காரர், “அண்ணி! அண்ணி!” என்று சுற்றிச் சுற்றி வந்தார், ஆனால் தொடப் பயம். நனைந்த தாளை இழுத்தால் கிழியும். மஞ்சள் முக்கோணத்தின் முறை வந்தபோது கண்டக்டர் வாய்விட்டே, “ஐயோ, அது வேணாம்மா,” என்றார். அந்த அம்மாவின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையும் துடைத்தது. வாளித் தண்ணீர் எந்த நிறம் என்று சொல்லமுடியாத ஒரு நிறமாக மாறியிருந்தது. அவர் அழுதுகொண்டேதான் கழுவினார், ஒரு கட்டத்தைக்கூட அவசரமாகக் கழுவவில்லை.

கடைசியில் ஸ்பஞ்சை வாளியில் போட்டுவிட்டு விலகி நின்றார்.

பாதி மிஞ்சும் என்று நினைத்திருந்தார் கண்டக்டர். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. வக்கீலம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் அத்தனை பெரிய தாளில் மிஞ்சியிருந்தவை, வீட்டில் ஓவியரின் நாற்காலிப் பக்கம் இருந்த ஓரமாக, அவர் கைக்கெட்டுகிற தூரத்தில், வரிசையாகச் சில சிவப்புச் சதுரங்கள். அவற்றுக்குக் கீழே பெரிதாக ஒரு கையெழுத்து. மற்றதெல்லாம் லேசான கறை படிந்த வெள்ளைத் தாள். தம்பிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் தான் எதை விற்றோம் என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது என்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“படம் கேட்டார் இல்ல? கொண்டு போய் மாட்டுங்க,” என்றார் அந்த அம்மா.

தம்பிக்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டே இருந்த போனை அந்த அம்மா அவர் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜைமேல் வைத்தார்.

“டேய், கெடச்சாளா?” ஓவியரின் குரல் மூச்சு வாங்கியது. “படம் கெடைக்கலன்னா பரவால்ல, நான் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுட்டேன். செவப்பு எல்லாம் வெச்சாச்சு. என் பக்கம் முடிஞ்சுது. அதுக்கப்புறம்... கை ஓட மாட்டேங்குதுடா. பக்கத்துல என்ன நிறம் வெக்கறதுன்னே தெரியல. அவளைப் பாத்தா சண்டை போடாத. அதை மட்டும் கேட்டுச் சொல்லு.”

அறையில் எல்லோரும் கேட்டார்கள். படியில் நின்ற ஃப்ரேம்காரரும் கேட்டார். வக்கீலம்மா கண்டக்டரின் கையைப் பிடித்து அழுத்தினாள், பேசிவிடாதே என்பதுபோல.

அந்த அம்மா குனிந்து, போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனார்.

“வெள்ளையா விடுங்க.”

ஓவியர் கேட்டார், சண்டைக்காரக் குரலில் அல்ல, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய குரலில்:

“எது வரைக்கும்?”

அந்த அம்மா மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த தாளை ஒரு முறை முழுசாகப் பார்த்தார்.

“மிச்சம் பூரா,” என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார்.